பூட்டனார் பாண் சுட்ட இரவுகள் – வாசகர் கேள்வி பதில்

குடும்ப வரலாறு எழுத முனைந்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பேக்கரித் தொழிலைச் சுற்றி வந்தவற்றை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். போறணை வேலை தெரிந்தவர்களும் பழைய ஆவணங்களைத் தேடிப் பழகியவர்களும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: என் மகள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தவர் ஒருவரை மணம் முடித்திருக்கிறாள். மருமகனின் பூட்டனார் ஜெர்மனியிலிருந்து வந்து, அங்கே ஒரு சிறிய ஊரில் 1903 அளவில் தொடங்கி 1938 வரை பேக்கரி நடத்தியவர். பேரப்பிள்ளைகளுக்காக அவருடைய கதையைத் தமிழிலும் எழுதி வைக்க விரும்புகிறோம். ஒரு புகைப்படமும், எடைகள் எழுதிய ஒரு கொப்பியும்தான் மிச்சம். கடிதம் எதுவும் இல்லை. "கடுமையாக உழைத்தார்" என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. – வாசகி, வெள்ளவத்தை

பதில்: அந்த ஒரு வரியை முதலில் வெட்டிவிடுங்கள். எல்லோருடைய பூட்டனுக்கும் பொருந்துவது உங்கள் பேரப்பிள்ளைகளின் பூட்டனைக் காட்டாது. பேக்கரிக்காரர் கடிதம் விட்டுப் போகாததில் வியப்பில்லை. ஊர் விளக்கேற்றி உட்கார்ந்து கடிதம் எழுதிய நேரத்தில் அவர் மா குழைத்தார். ஊர் நடமாடிய மத்தியானத்தில் தூங்கினார். ஆனால் அவருடைய தொழில் எண்களால் ஆனது. மா எவ்வளவு, நீர் எவ்வளவு, சூடு எவ்வளவு, எத்தனை மணி என்பது தெரிந்தால் அவருடைய ஓர் இரவை ஏறக்குறைய முழுதாக மீட்டெடுக்கலாம். கொப்பியில் இருக்கும் எடைகள்தான் அவர் எழுதிய கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கை மாவிலிருந்து தொடங்குங்கள். அக்காலத்தில் அங்கே மா பீப்பாக் கணக்கில் விற்கப்பட்டது. ஒரு பீப்பா 196 றாத்தல். சாக்கில் வந்தாலும் கணக்குப் புத்தகத்தில் பீப்பா என்றே இருக்கும். ஒரு றாத்தல் பாண் வேண்டுமென்றால் 18 அவுன்ஸ் குழைத்த மா நிறுக்க வேண்டும். போறணையில் நீர் ஆவியாகி ஏறத்தாழ 2 அவுன்ஸ் போய்விடும். 100 றாத்தல் கோதுமை மாவுக்கு 62 றாத்தல் நீர், ஒன்றே முக்கால் றாத்தல் உப்பு, சீனியும் பன்றிக் கொழுப்பும் இரண்டிரண்டு றாத்தல், கொஞ்சம் ஈஸ்ட் என்பது அக்கால வெள்ளைப் பாணுக்கு நியாயமான அளவு. கூட்டினால் சுமார் 168 றாத்தல் குழையல், 150 பாண். அப்படியென்றால் ஒரு பீப்பா மாவில் 290 பாண் அளவில் வரும். கொப்பியில் "மா 100" என்று கண்டால், ஒரு காலையில் 150 வீட்டு மேசைகள் அந்த மனிதரை நம்பியிருந்தன என்று எழுதலாம்.

இனி மணிக்கூடு. ஓர் உதவியாளரோடு கையால் குழைக்கும் பேக்கரியில் வேலை மாலை 8 மணியளவில் தொடங்கும். மரத்தொட்டியில் 60 றாத்தல் மா, 36 றாத்தல் நீர், ஈஸ்ட் ஆகியவற்றைக் கலந்து முதற்குழையல் போடுவார்கள். அங்கத்தைய பேக்கரிக்காரர் இதை ஸ்பஞ்ச் என்பர். உப்பு இதில் சேராது, ஏனென்றால் உப்பு ஈஸ்டின் வேகத்தை அடக்கும். அதை மூடிவிட்டுத் தூங்கப் போனால் இரண்டு மணிக்கு முன் எழும்ப வேண்டும். குழையல் பொங்கி, நடுவில் இலேசாகப் பள்ளம் விழத் தொடங்கும் வேளைதான் சரியான வேளை. அப்போது மீதி 40 றாத்தல் மா, 26 றாத்தல் நீர், உப்பு, சீனி, கொழுப்பு. இவ்வளவையும் இரண்டு கைகளால் வெட்டி, மடித்து, தூக்கிப் போட்டு அரை மணி நேரம் பிசைய வேண்டும். பிறகு முக்கால் மணி ஓய்வு மாவுக்குத்தான், அவருக்கு இல்லை. அந்த நேரத்தில் இனிப்புப் பணிஸுக்கான மாவைத் தொடுவார். பின்னர் நிறுத்தல், உருட்டல், தகர அச்சில் போடல், ஒரு மணி நேரம் பொங்க விடல். ஐந்து மணிக்குப் போறணை. ஆறரைக்கு வண்டி புறப்படும். போறணை 75 அச்சு மட்டுமே கொள்ளும் என்றால் இரண்டாம் பாதியைக் குளிர்ந்த மூலையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மிஞ்சிப் பொங்கி, போறணைக்குள் போனதும் அமுங்கிவிடும்.

கொழும்பில் இருக்கும் நமக்குப் புரியக் கடினமானது அங்கத்தைய குளிர். குழைத்த மா 25 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும் என்று வைப்போம். பேக்கரிக்காரர் கணக்கு எளிது: 25 ஐ மூன்றால் பெருக்கி, அதிலிருந்து மாவின் சூட்டையும் அறையின் சூட்டையும் கழித்தால் வருவது நீரின் சூடு. அயோவா தையில் மா 10 பாகை, அறை 16 பாகை என்றால் நீர் 49 பாகை வேண்டும். அந்தச் சூட்டில் ஈஸ்டை நேரே கரைத்தால் அது வலுவிழக்கும், சாகவும் கூடும். ஆகவே மாச்சாக்கை முதல் நாளே போறணைச் சுவரோரம் கொண்டுவந்து வைக்க வேண்டும். மறந்தால் குழையல் விடியும்வரை கல்லாகக் கிடக்கும். இதையே கொழும்பில் போட்டுப் பாருங்கள். மா 30, அறை 30, நீர் 15 பாகை. இங்கே ஐஸ் வேண்டும், அங்கே அடுப்பு வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு ஊரையும் ஒரே பந்தியில் காட்ட இந்தச் சின்னக் கணக்குப் போதும்.

போறணை செங்கல்லால் ஆனது. பழைய வகையில் விறகோ நிலக்கரியோ உள்ளேயே எரியும். மூன்று, நான்கு மணி நேரம் எரித்து, தணலை வாரி வெளியே இழுத்து, நீண்ட தடியில் கட்டிய ஈரத்துணியால் தரையைத் துடைத்து, கதவை மூடி அரை மணி நேரம் சூட்டைச் சமப்பட விட வேண்டும். அவசரப்பட்டால் பாணின் அடி கருகும், மேல் வெளிறி நிற்கும். வெப்பமானி இல்லாத இடத்தில் ஒரு பிடி மாவை உள்ளே எறிந்து பார்ப்பார்கள். உடனே கருகினால் சூடு அதிகம், மெல்லப் பழுப்பேறினால் சரி. சூடு இறங்கும் ஒழுங்கில்தான் பண்டங்கள் போகும். முதலில் தரையில் நேரே சுடும் ரை பாண் (ரை என்பது கோதுமை போன்ற ஒரு தானியம்), அடுத்து அச்சுப் பாண், பிறகு பணிஸ், பழப் பை, பிஸ்கட், கடைசியில் மிஞ்சிய பாணை வெட்டி உலர்த்தும் றஸ்க்கு. கொப்பியில் பண்டங்களின் வரிசை இப்படி இருந்தால் அது விலைப்பட்டியல் இல்லை, ஒரு நாள் காலையின் ஒழுங்கு.

பிழைத்துப்போன நாட்களையும் எழுதுங்கள், அங்கேதான் மனிதர் தெரிவார். கோடை இரவில் முதற்குழையல் நேரத்துக்கு முன்னே புளித்துவிடும். அதிலுள்ள சீனியை ஈஸ்ட் தின்று முடித்துவிடுவதால் எவ்வளவு சுட்டாலும் மேற்தோல் சிவக்காது, வாயில் புளிக்கும். உப்பை மறந்தால் மா கையில் ஒட்டும், கட்டின்றிப் பொங்கும். அறுவடை முடிந்து புதுக் கோதுமையின் மா வரும் வாரங்களில் குழையல் தளர்ந்து போகும், அதனால் பழைய மாவில் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக் கலப்பார்கள். ஆவணி வெக்கையில் வரும் பெரிய துன்பம் "ரோப்". வெளியே நல்ல பாணாகத் தெரியும். ஒரு நாள் கழித்துப் பிய்த்தால் உள்ளே பிசுபிசுத்து நூல் இழுக்கும், அழுகிய பழ வாசம் வரும். போறணைச் சூட்டிலும் சாகாத பக்டீரியா வித்திகளே காரணம். தொட்டியையும் பலகைகளையும் வினாகிரியால் கழுவி, குழையலிலும் சிறிது வினாகிரி சேர்ப்பதே அன்றைய மருந்து. ஒரு கிழமை ரோப் பிடித்தால் சிறிய ஊரில் பெயர் கெட்டுவிடும்.

ஜெர்மன்காரர் என்பதால் 1917, 1918 ஆம் ஆண்டுகளுக்குத் தனி அத்தியாயம் கொடுங்கள். அமெரிக்கா போரில் இறங்கியதும் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் உணவு நிருவாகம் அமைந்தது. அவரும் அயோவாவின் வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூரில் பிறந்தவர்தான். மாதம் 10 பீப்பாவோ அதற்கு மேலோ மா பாவிக்கும் பேக்கரிகள் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. மேலே போட்ட கணக்கின்படி 10 பீப்பா என்பது 2,900 பாண், வேலை நாளொன்றுக்கு 110 அளவில். பூட்டனார் 150 சுட்டவர் என்றால் அவர் உரிமம் எடுத்திருக்க வேண்டும். 1918 தை 28 முதல் "வெற்றிப் பாண்" விதி வந்தது. கோதுமையோடு சோளம், பார்லி, ஓட்ஸ் போன்ற மாற்று மா 5 வீதம் கலக்க வேண்டும், மாசி 24 இல் அது 20 வீதமாக வேண்டும். மாற்று மாவில் குழையலைத் தாங்கும் பசை இல்லை. பாண் தாழ்ந்து, உதிர்ந்து வரும். திட்டு வாங்கியது கடையில் நின்றவர்.

அதே ஆண்டு வைகாசி 23 அன்று அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பொது இடத்திலும் பாடசாலையிலும் வழிபாட்டிலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று பிரகடனம் செய்தார். போர் முடிந்த பின்னரே அது நீங்கியது. தன் மொழிக்காரரே வாங்க வந்தாலும் கடைப்பலகைக்கு இப்பால் நின்று வேற்று மொழியில் விலை சொல்ல வேண்டியிருந்த மாதங்கள் அவை. மொழிக்காக ஒருவர் வாய் மூட நேர்வது என்னவென்று தமிழ் வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கொப்பியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய ஜெர்மன் கையெழுத்து குர்ரென்ட் என்ற வடிவில் இருக்கும். ஜெர்மன் படித்தவருக்கே அது வாசிப்பில் வராது. "மேல்" என்றால் மா, "ஹெஃபே" ஈஸ்ட், "சால்ட்ஸ்" உப்பு, "ஷ்மால்ட்ஸ்" பன்றிக் கொழுப்பு, "ரோக்கன்" ரை. "ஃபுண்ட்" என்பது ஜெர்மனியில் 500 கிராம், அமெரிக்க றாத்தலோ 453.6 கிராம். "லோட்" என்று வந்தால் ஊரைப் பொறுத்து 15 முதல் 17 கிராம். எல்லாம் எடையில் இருந்தால் விகிதம் மாறாது. முட்டையோ கோப்பையோ கலந்து வந்தால்தான் பிழைக்கும்.

கணக்குப் போட்டுக் கண்டதை "சுட்டார்" என்று எழுதாதீர்கள். "சுட்டிருக்க வேண்டும்" என்று எழுதுங்கள். கொப்பியில் கண்டதை மட்டும் "சுட்டார்" என்று எழுதலாம்.

கேள்வி: கொழும்பில் இருந்தபடியே அமெரிக்க ஆவணங்களைத் தேட முடியுமா? எதை முதலில் பார்ப்பது? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பெரும்பாலானவற்றை முடியும். பின்னிருந்து முன்னே போங்கள். அங்கே குடிசன மதிப்பீட்டுத் தாள்கள் 72 ஆண்டுகள் கழித்தே திறக்கப்படும். 1950 ஆம் ஆண்டுத் தாள் 2022 சித்திரையில் திறந்தது. அதிலிருந்து 1940, 1930 என்று இறங்குங்கள். 1890 ஐத் தேடி நாளை வீணாக்க வேண்டாம். 1921 இல் வாஷிங்டனில் நடந்த தீயில் அது பெரும்பாலும் கெட்டுப்போய்ப் பின்னர் அழிக்கப்பட்டது. 1900 ஆம் ஆண்டுத் தாளில் பிறந்த மாதம், குடியேறிய ஆண்டு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என்பவை இருக்கும். 1910 இல் தொழிலுக்குப் பக்கத்து நிரலைக் கவனியுங்கள். அவர் கூலியாளா, முதலாளியா, ஆள் வைக்காமல் தானே தொழில் செய்தவரா என்று அது பிரித்துச் சொல்லும். "பேக்கர்" என்ற சொல் மட்டும் கடை அவருடையது என்பதற்குச் சான்றாகாது.

அயோவாவுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் உண்டு. மாநிலமே எடுத்த 1915 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை. 1914 இல் எத்தனை மாதம் வேலை செய்தார், எவ்வளவு உழைத்தார், எந்தத் திருச்சபை, வீட்டின் பெறுமதி, அதன் மேல் கடன் எல்லாம் அதில் இருக்கும். 1925 இல் பெற்றோரின் பெயரும் தாயின் கன்னிப் பெயரும் வரும். ஜெர்மனியில் எந்தக் குடும்பம் என்று பிடிக்க அது ஒன்றே பல தடவை வழி திறக்கும்.

1918 புரட்டாதி 12 அன்று 18 முதல் 45 வயது வரையான, முன்னர் பதியாத ஆண்கள் எல்லோரும் படைப் பதிவு அட்டை நிரப்பினார்கள், குடியுரிமை இல்லாதவர்களும்தான். உயரம், உடற்கட்டு, கண் நிறம், முடி நிறம் அதில் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் கிடைக்கும்.

எமக்கு மிகப் பிடித்தது சான்போர்ன் தீக்காப்புறுதி வரைபடம். காப்புறுதிக் கம்பனிகளுக்காக ஒவ்வொரு கட்டடமாக வரைந்தது. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். போறணை தீ அபாயம் என்பதால் பேக்கரியின் பின்புறம் அது எங்கே இருந்தது என்றுகூடக் குறித்திருக்கும். காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் பெருந்தொகையாக இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு ஆண்டுகளின் படத்தை ஒப்பிட்டால் கடை மரத்திலிருந்து செங்கல்லுக்கு மாறியதும் தெரியும். பழைய பத்திரிகைகளுக்கு அதே நூலகத்தின் "குரோனிக்ளிங் அமெரிக்கா". பெயர்த் தேடலுக்குப் பதிவு மட்டும் கேட்கும், பணம் கேட்காத "ஃபமிலிசேர்ச்".

வழக்கமாகக் காலை வாரும் இடங்கள் இரண்டு. "பேக்கர்" அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயரும்கூட. தொழிலைத் தேடினால் ஆயிரம் பேக்கர் குடும்பங்கள் வந்து குவியும். தெருப் பெயரையோ ஊர்ப் பெயரையோ சேர்த்துத் தேடுங்கள். மற்றது, ஜெர்மன் பெயரைக் கணக்கெடுப்பவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அகப்படாவிட்டால் பிள்ளைகளின் முதற்பெயர்களையும் வயதுகளையும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் சிக்கும்.

கேள்வி: அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுத் தாளில் பூட்டியின் பெயருக்கு நேரே தொழில் "இல்லை" என்று இருக்கிறது. ஆனால் கடையை அவர்தான் நடத்தினார் என்று வீட்டில் சொல்கிறார்கள். எதை நம்புவது? – வாசகி, தெஹிவளை

பதில்: வீட்டில் சொல்வதை நம்பலாம், ஆனால் சான்றோடு எழுதுங்கள். கணவன் பகலில் தூங்கும் தொழிலில் கடைப்பலகைக்குப் பின்னால் வேறு யார் நின்றிருக்க முடியும்? காசு வாங்கியது, கடன் கொப்பி எழுதியது, மறுநாள் கட்டளைகளைக் குறித்தது, அச்சுகளுக்குக் கொழுப்புப் பூசியது எல்லாம் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும். சம்பளம் இல்லாத வேலையைக் கணக்கெடுப்பவர் வேலையாக எழுதவில்லை. அந்த "இல்லை" பெரிய அநியாயம். வரலாறு எழுதுபவர் அதைத் திருத்தாமல் விடக் கூடாது.

சான்றுக்குக் கடன் கொப்பியின் கையெழுத்தைத் திருமணப் பதிவில் அவர் இட்ட கையெழுத்தோடு ஒப்பிடுங்கள். கணவன் இறந்த பின் வரும் அடுத்த மதிப்பீட்டைப் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் "இல்லை" என்று எழுதப்பட்ட பெண் திடீரென்று பேக்கரி உரிமையாளராக நிற்பார். ஒரே இரவில் யாரும் தொழில் கற்பதில்லை. இன்னுமொன்று: 1922 வரை மனைவியின் குடியுரிமை கணவனுடையதைப் பின்பற்றியது. கணவர் குடியுரிமை எடுக்காமல் இருந்திருந்தால், அயோவாவிலேயே பிறந்த பெண்ணும் 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நியராகி, 1918 இல் பகை நாட்டவராகப் பதிய வேண்டியிருந்திருக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் துண்டுகளாக வெட்டிய பாண் வந்துதான் சிறிய பேக்கரிகள் மூடப்பட்டனவாமே? – வாசகர், மருதானை

பதில்: வெட்டும் இயந்திரம் மட்டும் காரணமில்லை. அயோவாவின் டெ மொயினில் பிறந்த ஒட்டோ ரோவெடர் செய்த இயந்திரத்தால் வெட்டிய பாண் 1928 ஆடி 7 அன்று மிசூரியின் சில்லிகொத்தியில், அதுவும் ஒரு சிற்றூரில்தான், முதலில் விற்பனைக்கு வந்தது. சிறியவர்களைச் சாய்த்தது செப்பனிட்ட வீதியும் லொறியும். நகரத்துத் தொழிற்சாலையின் தாளில் சுற்றிய பாண் விடியற்காலையில் ஊர்ப் பலசரக்குக் கடைக்கு வந்துவிட்டது. அதோடு 1933 ஆடி 9 முதல் கோதுமை புஷலுக்கு (அங்கத்தைய தானிய அளவு) 30 சதம் வரி. ஒரு பீப்பா மாவுக்கு 4.6 புஷல் போகும். ஆகவே பீப்பாவுக்கு 1 டொலர் 38 சதம், பாணுக்கு ஏறத்தாழ அரைச் சதம். சில சதத்துக்கு விற்ற பாணில் அரைச் சதம் சின்னதில்லை. 1936 தையில் உயர் நீதிமன்றம் அந்த வரியைச் செல்லாதது என்றது. தப்பியவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலை செய்யாததைப் பிடித்துக்கொண்டவர்கள்: விஸ்கொன்சின் ரசீனின் டேனிஷ் கிரிங்கிள், அயோவா பெல்லாவின் டச்சு எழுத்துப் பலகாரம், செக் குடியேறிகளின் கொலாச்சி. பூட்டனாரின் கொப்பியில் பிந்திய பக்கங்களில் பாண் குறைந்து இனிப்புப் பண்டம் கூடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் அப்பப்பா கொழும்பில் ஒரு பேக்கரியில் போறணை வேலை செய்தவர். இதே முறையில் அவரைப் பற்றி எழுதலாமா? – வாசகர், தெமட்டகொட

பதில்: எழுதலாம், ஆனால் ஆவணத்தை விட வாய்மொழி இங்கே உங்களுக்குக் கைகொடுக்கும். கூலியாளின் பெயர் வியாபாரக் கைநூல்களில் வராது. கடையின் பெயர் தெரிந்தால் ஃபெர்கியூசன் டிரெக்டரியின் பழைய பதிப்புகளில் பாருங்கள். கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளும் இருக்கின்றன. தெருப் பெயர் மாறியதை மறக்க வேண்டாம். நோரிஸ் வீதி இன்று ஒல்கொட் மாவத்தை, டரட் வீதி இன்று தர்மபால மாவத்தை. விவாகப் பதிவில் தொழில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "கூலி" என்று மட்டும் இருந்தால் அதற்காக மனம் சோர வேண்டாம். பதிவாளர் எழுதிய சொல் அது, அவருடைய கைத்திறன் அல்ல.

மாமி, சித்தப்பாமாரிடம் "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்லவர்" என்ற பதிலோடு நின்றுவிடும். எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் போவார், திரும்பி வந்து முதலில் என்ன செய்வார், எந்தக் கையில் சூட்டுத் தழும்பு, வீட்டுக்கு என்ன பாண் கொண்டு வருவார், மிஞ்சினதா புதியதா என்று கேளுங்கள். போறணைக்கு இறப்பர் விறகா வேறா, விறகு ஈரமாக வந்தால் என்ன செய்தார்கள், அச்சுப் பாணா ரோஸ்ட் பாணா அதிகம், பாண் பெட்டி கட்டிய சைக்கிள் எத்தனை என்றும் கேளுங்கள். மூச்சிழுப்பு இருந்ததா என்பது முக்கியம். ஆண்டுக்கணக்கில் மாத்தூசியைச் சுவாசித்தவர்களுக்கு வரும் ஆஸ்துமா இத்தொழிலின் பழைய நோய்.

காலத்தைப் பொருத்திப் பாருங்கள். 1942 இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது கொழும்பு பாணையும் மாவையும் நம்ப நேர்ந்தது. 1970களின் முற்பகுதியில் பாணுக்கு வரிசை. 1980 இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை ஓடத் தொடங்கியது. இந்த மூன்று நேரத்திலும் அவர் எந்தப் போறணைக்கு முன் நின்றார் என்று தெரிந்தால் கதைக்கு எலும்பு கிடைத்துவிடும்.

கேள்வி: வெள்ளவத்தை வாசகியின் கேள்வியை எம்மோடு பகிர்ந்துகொண்டார்கள். அப்படிப்பட்ட 1910களின் பாணை எங்கள் வீட்டு அவனில் சுட அளவு தர முடியுமா? – வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: இரண்டு பாணுக்கு: கோதுமை மா 600 கிராம், நீர் 370 மில்லிலீற்றர், உப்பு 11 கிராம், சீனி 12 கிராம், பன்றிக் கொழுப்பு அல்லது பட்டர் 12 கிராம், உடனடி உலர் ஈஸ்ட் 3 கிராம். முதற்குழையலுக்கு 360 கிராம் மா, 215 மில்லிலீற்றர் குளிர்ந்த நீர், ஈஸ்ட் முழுவதும். கட்டி இல்லாமல் கலந்தால் போதும், பிசைய வேண்டாம். அங்கே ஓர் இரவு வைத்ததை இங்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். நடுவில் பள்ளம் விழத் தொடங்கியதும் எடுங்கள். மீதி எல்லாவற்றையும் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் பிசையுங்கள். ஒரு சிறு துண்டை விரல்களால் விரித்தால் கிழியாமல் மெல்லிய தோலாக வர வேண்டும். அரை மணி மூடி வைத்து, 500 கிராம் வீதம் இரண்டாக வெட்டி, இறுக்கமாகச் சுருட்டி, கொழுப்புப் பூசிய அச்சில் மடிப்பு அடியில் இருக்கும்படி வையுங்கள். அச்சின் விளிம்பைத் தொட்டதும், விரலால் அழுத்தினால் பள்ளம் மெல்ல மேலே வரும் நிலையில் அவனில் வையுங்கள். 210 பாகையில் 35 நிமிடம். ஆறியதும் நிறுத்துப் பாருங்கள், 450 கிராமுக்குக் கிட்ட நிற்கும். நம் கடைக்காரர் இன்றும் ஒரு றாத்தல் என்று சொல்லித் தருகிற அதே எடை.

பக்கவாட்டில் வெடித்தால் பொங்கியது போதவில்லை. மேலே தட்டையாகி நெளிந்தால் பொங்கியது மிஞ்சிவிட்டது. சரியாகச் சுட்டும் நிறம் வராவிட்டால் முதற்குழையலை அதிக நேரம் வைத்துவிட்டீர்கள், அடுத்த முறை இரண்டு மணியில் எடுங்கள். சூட்டோடு வெட்டாதீர்கள், உள்ளே கத்தியில் ஒட்டும். ஒரு மணி நேரமாவது கம்பித் தட்டில் ஆற விடுங்கள். கொழும்பு வெக்கையில் இரண்டாம் நாளுக்கு மேல் வெளியே வைக்கவும் வேண்டாம். மிஞ்சினால் மெல்லியதாக வெட்டி 120 பாகையில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் றஸ்க்கு.